புத்தகத்தின் வீட்டாட்கள்

அந்த அக்காவை முதன்முதலாகக் கண்டபோது நான் கோட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். லண்டன் ஹரோவில் எங்கள் வீட்டு வாசல் கதவுக்குப் பக்கத்தில், குளிர்காலக் கோட்டெல்லாம் வரிசையாகத் தொங்கும். கையில் ஒரு புத்தகமும் பின்னால் இழுத்துவரும் சில்லுப் பையுமாக ஒரு பெண் எங்கள் வீட்டை நோக்கி வருவதை யன்னலால் பார்த்துவிட்டேன். சனிக்கிழமை பின்னேரத்தில் அப்படி வருகிறவர் மதம் பரப்பும் வேதக்காரர்தான் என்பதில் எங்கள் ஆட்களுக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. கதவைத் திறந்தால் பின்னேரம் போச்சு. ஆகவே தொலைக்காட்சியை அணைத்தேன், மூச்சைப் பிடித்தேன், கோட்டுகளுக்குள் புகுந்தேன். மணி அடித்தது. நான் அசையவில்லை. பிறகு கதவில் தபால் போடும் துவாரம் மெல்லத் திறந்தது.

"தங்கச்சி, காலு தெரியுதுலா," என்றது ஒரு குரல். "நான் சாமி விஷயமா வரல. ஒரு படப்புத்தகம் காட்டிட்டுப் போயிடறேன்."

வெட்கம் பிடுங்கித் தின்னக் கதவைத் திறந்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய, கட்டையான, பெரிய மூக்குக்கண்ணாடி போட்ட மனுசி. மலேசியாவில் ஈப்போவில் பிறந்தவர், லண்டனுக்குப் படிக்க வந்து, கணக்காளராக வேலை எடுத்து, பக்கத்துத் தெருவிலேயே வீடு வாங்கித் தங்கிவிட்டவர், எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் என் விலாசம் கேட்டு வந்தவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்த சங்கதி. அன்று தன்னைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நேரே வந்து சோபாவில் இருந்தார். பெரிய மெல்லிய புத்தகம் ஒன்றை எனக்குப் படம் தெரியும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். நான் கவுன்சிலில் கார்களுக்குத் தண்டம் போடுகிற பகுதியில் வேலை செய்கிறவள். ஊராரின் ஏச்சைத் தொலைபேசியில் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வளர்ந்த ஒரு மனுசி எனக்குப் படப்புத்தகம் வாசித்துக் காட்டுவது அதுதான் முதல் தடவை.

கதை இதுதான். போர் நடக்கும் நாடொன்றிலிருந்து ஒரு குடும்பம் அமெரிக்காவுக்கு அகதியாக வந்து இறங்குகிறது. விமான நிலையத்தில் தாய் சிரிக்கிறாள், தகப்பன் சிரிக்கிறான், பிள்ளைகள் சிரிக்கிறார்கள், பெட்டி தூக்குகிறவனும் சிரிக்கிறான். எனக்குப் பொறுக்கவில்லை.

"கொஞ்சம் நில்லுங்கோ அக்கா. உதுகள் என்னத்துக்கு இப்பிடிச் சிரிக்குதுகள்?"

"சிரிக்க மாட்டாங்களா?"

"என்ன விசர்க்கதை! நாங்கள் லண்டனுக்கு வர முதல் டென்மார்க்கிலை வந்திறங்கின அண்டு ஒருத்தரும் சிரிக்கேல்லை. எனக்குப் புதுச் சப்பாத்து காலைக் கடிச்சுப் போட்டுது. அம்மாக்கு வயித்துக்குத்து. அப்பா சூட்கேஸ் திறப்பைத் துலைச்சுப்போட்டு எல்லாற்றை பொக்கற்றையும் தடவுறார். சிரிப்பு வரக் கன நாள் செண்டது. அதுவும் ரீவியிலை ஒரு பூனை மேசையாலை விழுந்ததைப் பாத்து."

அவர் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "இதுலா, இது! இதுக்குத்தான் வந்தேன். வீட்டு ஆளுங்களைக் கேக்காம வீட்டைப் பத்திப் பேசலாமா?"

அவரைப் பற்றி எத்தனை கதை சொன்னாலும் கடைசியில் அந்த ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கும். வேலை போக மிச்ச நேரத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்து அவர் படித்துக்கொண்டிருந்தது அமெரிக்காவின் சிறுவர் புத்தகங்களை. அதிலும் கறுப்பினப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், மெக்சிகோப் பிள்ளைகள், அரபுப் பிள்ளைகள், அந்த மண்ணின் பூர்வகுடிப் பிள்ளைகள் என்று, அந்த நாட்டில் காலங்காலமாகக் குடியிருந்தும் புத்தகத்துக்குள் குடிவருவதற்கு நெடுநாள் காத்திருந்த பிள்ளைகளின் கதைகளை. மற்றவர்கள் நூலகத்தில் இருந்து படித்து எழுதுவார்கள். இவர் எந்தக் குடும்பத்தைப் பற்றிய புத்தகமோ, அந்தக் குடும்பத்தைப் போன்ற ஆட்களை லண்டனில் தேடிப் பிடித்து, முதற் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டி, கடைசியில் "இது உங்க வீடு மாதிரி இருக்கா?" என்று கேட்பார். அவர்கள் பதில் சொல்லும் வரை அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டார்.

"ஏன் அக்கா அமெரிக்கா? இஞ்சை லண்டனிலை இல்லாத சனமோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"யாரு வரையறது, யாரு எழுதறது, யாரு வீட்டை யாரு சொல்றதுன்னு அங்கதான் பெரிய சண்டை நடந்துச்சு, இன்னும் நடக்குது. சண்டை நடந்த எடத்துலதான்லா சாமான் நெறையக் கெடைக்கும்," என்றார்.

சாமான் தேடுவதில் அவருக்கு ஒரு மூக்கு இருந்தது. செயின்ட் ஜோன்ஸ் வூட் பக்கத்தில் அமெரிக்கக் குடும்பங்கள் அதிகம். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் முடிந்து கோடை விடுமுறை தொடங்க, வேலை முடிந்தவர்கள் வீட்டைக் காலிசெய்துகொண்டு நாட்டுக்குத் திரும்புவார்கள். அந்தக் கிழமைகளில் அங்கேயுள்ள, பழைய சாமான் விற்கும் சரிட்டிக் கடைகளில் பிள்ளைகளின் புத்தகங்கள் வந்து குவியும். அவர் மாம்பழக் காலத்துக்குக் காத்திருப்பது மாதிரி அதற்குக் காத்திருப்பார். வேலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு, சில்லுப் பையை இழுத்துக்கொண்டு, கடை திறக்க முதல் வாசலில் நிற்பார். பின்னேரம் மெட்ரோபொலிட்டன் ரயிலில் திரும்பும்போது அவருக்குப் பக்கத்து இருக்கையில் புத்தகம்தான் இருக்கும், மனிதருக்கு இடம் கிடையாது.

அவர் வீட்டுச் சின்ன அறை முழுக்கப் புத்தகத் தட்டு. அடுக்கியிருந்த முறையைப் பார்த்து நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். ஒரு தட்டு "டப்பாக் கதை". பிள்ளை மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறது, வகுப்பு மூக்கைப் பொத்துகிறது, பிள்ளை அழுகிறது, கடைசிப் பக்கத்தில் எல்லாரும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து "ஆகா" என்கிறார்கள். இன்னொரு தட்டு "பேர் கதை". டீச்சருக்குப் பிள்ளையின் பெயர் வாயில் நுழையவில்லை. மூன்றாவது "திருவிழாக் கதை". வருடத்தில் ஒருநாள் மட்டும் அந்தக் குடும்பம் உயிரோடிருக்கும், மற்ற நாளெல்லாம் என்ன செய்தார்கள் என்று ஆருக்கும் தெரியாது.

டப்பாத் தட்டு நிரம்பி வழிந்தது. தபாலில் வந்த பார்சலைப் பிரித்து, முதல் இரண்டு பக்கத்தைப் புரட்டிவிட்டு, "ஐயோ, இன்னொரு டப்பாலா!" என்று அவர் தலையில் கைவைத்ததை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். "ஏன் இந்தப் புள்ளைங்க எப்பவும் வெக்கப்பட்டுக்கிட்டே இருக்கணும்? சும்மா வீட்டுல உக்காந்து சாப்பிடக் கூடாதா? யாருமே மூக்கைப் பொத்தாத ஒரு கதை வேணும் எனக்கு."

எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கும் சனிக்கிழமைகளில் வருவார். பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போது பெற்றோர் சாப்பாட்டு மண்டபத்தில் காத்திருப்பார்கள். அங்கே ஒரு மூலையில் அவரும் புத்தகத்தோடு இருப்பார். "பிள்ளை குட்டி இல்லாத மனுசிக்கு ஏன் உந்தப் பிள்ளையளின்ரை புத்தகம்?" என்று ஒரு தாய் காதுபடவே கேட்டாள். அவர் கோபிக்கவில்லை. "புள்ள இல்லாததாலதான்லா புத்தகம் முழுசா இருக்கு. உங்க வீட்டுல போய்ப் பாருங்க, அட்டையைத் தின்னிருப்பாங்க," என்றார். அந்தத் தாய்க்கே சிரிப்பு வந்துவிட்டது. அது உண்மைதானே.

அவருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஆரையும் முகத்தைப் பார்த்து "நீங்க எந்த ஊரு?" என்று கேட்கமாட்டார். தன்னை அப்படிக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன மனுசி. "போர்டுல எழுதியிருந்தா கேக்கலாம். மூஞ்சியில எழுதியிருக்குன்னு நாமளா படிக்கக் கூடாது," என்பார். ஆகவே போர்டு தேடி அலைவோம். அலைவோம் என்றால், அவருக்குக் கார் ஓடத் தெரியாது, எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சொல்லைத் தட்டத் தெரியாது. கொரியப் புத்தகம் என்றால் நியூ மோல்டனில் உள்ள கொரியக் கடைகளுக்குப் போவோம். எத்தியோப்பியப் புத்தகம் என்றால் ஒரு கோப்பிக் கடையில் பொழுது முழுக்க இருந்து, நெஞ்சு படபடக்கக் கோப்பி குடித்துவிட்டு வருவோம்.

வட லண்டனில் மெக்சிகோக் கொடி தொங்கிய ஒரு சாப்பாட்டுக் கடையில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு அடங்காது. புத்தகத்தில் ஒரு மெக்சிகோக் குடும்பம் சோளமாவை இலையில் பொதிந்து அவிக்கிறது. கடைக்காரர் மலை போன்ற ஆள். கையைக் கட்டிக்கொண்டு முழுக்கக் கேட்டார். கடைசியில் அக்கா தன் கேள்வியைக் கேட்டதும் அவர் வெடித்தார். இது பொதியா, இதை எவன் இப்படிக் கட்டுவான், நூல் எங்கே, இலை ஏன் இப்படி இருக்கிறது! குசினிக்குள் ஓடிப்போய் ஒரு பொதியைக் கொண்டுவந்து அவிழ்த்துக் காட்டினார். சாப்பிட வந்தவர்களில் இரண்டு பேர் எழும்பி வந்து அவரோடு சண்டை பிடித்தார்கள். அரை மணி நேரம் கழித்துத்தான் சங்கதி வெளியே வந்தது. மனுசன் கொலம்பியாக்காரர். மெக்சிகோ என்று எழுதினால்தான் லண்டனில் ஆட்கள் உள்ளே வருவார்களாம். சண்டைக்கு வந்த இரண்டு பேரும்தான் அசல் மெக்சிகோ.

"போர்டை நம்பலாம் எண்டனீங்களே அக்கா!" என்று காரில் வரும்போது சீண்டினேன்.

"உங்க யாழ்ப்பாணத்து ஆளுங்க 'தென்னிந்திய உணவகம்'னு போர்டு போட்டுத் தோசை விக்கலியா? அது மாதிரிதான்," என்றார். என் சொந்தச் சித்தப்பாவின் கடைப் பெயரே அதுதான்.

பூர்வகுடிப் பிள்ளை ஒன்றைப் பற்றிய புத்தகம் மட்டும் அவரைப் படாதபாடு படுத்தியது. அந்த இனத்து ஆள் ஒருவரையும் லண்டனில் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அருமையான புத்தகம், ஓவியமெல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். எழுதினால் நல்ல புள்ளி கிடைக்கும் என்று கல்லூரியில் சொன்னார்கள். இவர் எழுதிக் கொடுத்த அத்தியாயம் இவ்வளவுதான்: "இந்தப் புத்தகத்தின் வீட்டாட்களை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆகவே இது உண்மையா என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை." அவருடைய பேராசிரியை நல்ல மனுசி. விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, இந்த ஒன்றை மன்னிக்கலாம், ஆனால் கடைசி அத்தியாயத்திலும் இப்படி விளையாடினால் படிப்பு முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கடைசி அத்தியாயம்தான் தலைவலி. அமெரிக்காவில் வாழும் ஒரு தமிழ்ப் பிள்ளையின் புத்தகத்தைப் பற்றி அதை எழுதுவேன் என்று, சேரும்போதே இவர் வீறாப்பாகச் சொல்லிவைத்திருந்தார். தேடினார், தேடினார், கிடைக்கவில்லை. இந்தியப் பிள்ளைகள் வரும் புத்தகம் கிடைத்தது. அதில் வண்ணப்பொடி தூவினார்கள், ரொட்டி சுட்டார்கள். தமிழ் வீடு ஒன்று கண்ணில் படவில்லை. இரண்டு தரம் தவணை கேட்டு வாங்கியாயிற்று. மூன்றாவது தவணை கிடையாது, இத்தனையாம் திகதிக்குள் தராவிட்டால் எல்லாம் இத்தோடு சரி என்று கல்லூரி சொல்லிவிட்டது. வருடக்கணக்காக ஊரெல்லாம் சில்லுப் பை இழுத்த பாடு அத்தனையும் வீண். அக்கா சாப்பாட்டைக் குறைத்தார், கண் உள்ளே போய்விட்டது. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

நியூ ஜெர்சியில் இருக்கும் என் மச்சாளைத் தொலைபேசியில் பிடித்தேன். "எடியே, உங்கை எங்கட ஆக்களைப் பற்றிப் பிள்ளையளுக்கு ஒரு புத்தகம் இல்லையோ? நல்லாத் தேடிப் பார்," என்று கெஞ்சினேன். அவள் கொஞ்ச நாளில் ஒன்றைப் பிடித்து அனுப்பினாள். ஏதோ ஒரு சின்ன ஊர் நூலகம், வேண்டாமென்று கழித்து வாசலில் போட்டிருந்த புத்தகங்களுக்குள் கிடந்ததாம். பின்னட்டையில் "ஒரு தமிழ்க் குடும்பத்தின் பனிக்கால இரவு" என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை.

என் குசினி மேசையில்தான் அதைப் பிரித்தார். முதற் பக்கத்தில், காலையில் எழும்பிய பிள்ளையைத் தாய் 'பசியாறியாச்சா' என்று தமிழிலேயே கேட்கிறாள். அன்றிரவு பனிப்புயலில் மின்சாரம் போய்விடுகிறது. தாய் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இடியப்பம் அவிக்கிறாள். தகப்பன், தன் சின்ன வயதில் பின்னேரம் மோட்டார் சைக்கிளில் 'பாம் பாம்' என்று கோண் அடித்துக்கொண்டு இடியப்பம் விற்க வரும் ஆளைப் பற்றிச் சொல்கிறான். மூன்று பேரும் பழுப்புச் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் போட்டுச் சாப்பிடுகிறார்கள். மின்சாரம் வந்ததும் பிள்ளை, "இன்னும் கொஞ்ச நேரம் லைட்டை அணைக்கலாமா?" என்று கேட்கிறது. அவ்வளவுதான் கதை. அழுகை இல்லை, திருவிழா இல்லை, ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை.

அவர் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ முதற் பக்கத்துக்குத் திரும்பிப் போய் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, பிடிக்கேல்லையோ?"

"நல்லாருக்கு," என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. "சனிக்கிழமை உங்க ஆளுங்ககிட்ட காட்டணும்."

"ஏன், நீங்களும் தமிழ்தானே?"

"நான் ஓரத்துத் தமிழ்லா. லண்டன்ல தமிழ் வீடுன்னா உங்க வீடுதானே," என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவரோடு வாதாடி வென்றவர் ஆரும் இல்லை.

சனிக்கிழமை மண்டபத்தில் எல்லாரையும் கூப்பிட்டு இருத்தினேன். இந்தப் புத்தகம் சரிவந்தால்தான் அக்காவின் படிப்பு முடியும், வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள், வடிவாகக் கேட்டுச் சொல்லுங்கோ என்று விளக்கமும் சொன்னேன். எங்கள் ஆட்களிடம் கருத்துக் கேட்டால் சும்மா விடுவார்களா? அக்கா வாசித்து முடித்து, "இது உங்க வீடு மாதிரி இருக்கா?" என்று கேட்டதுதான் தாமதம்.

"இடியப்பத்துக்குச் சீனியோ? தேங்காய்ப்பால் சொதி எங்கை?"

"சம்பலைக் காணேல்லை!"

"சின்னப்பிள்ளை அடம்பிடிச்சால் சீனி போட்டுக் குடுக்கிறதுதான். இதிலை தகப்பனுமெல்லோ சீனியோடை திண்டுகொண்டு இருக்கிறார்!"

"எங்கட ஊரிலை கோண் அடிச்சுக்கொண்டு வாறது பேக்கரிப் பாண்காரன். இடியப்பத்தை ஆர் மோட்டார் சைக்கிளிலை கொண்டு திரிஞ்சது?"

"காலமை எழும்பின பிள்ளையைத் தாய் 'பசியாறியாச்சா' எண்டு கேக்கிறாளாம். உது என்ன தமிழ்? நாங்கள் 'சாப்பிட்டியோ' எண்டெல்லோ கேப்பம்."

அக்கா ஒவ்வொன்றையும் எழுதினார். எழுத எழுத அவர் முகம் சின்னதாகிக்கொண்டு வந்தது. கடைசியில் பேனாவை மூடினார். "சரி. வீட்டு ஆளுங்க இல்லேன்னுட்டீங்க. அப்ப இதை நான் எழுத முடியாது," என்றார். மெதுவாகப் புத்தகத்தைப் பைக்குள் வைத்தார்.

அப்போதுதான் எங்கள் சனத்துக்குத் தாங்கள் என்ன செய்துவிட்டோம் என்பது உறைத்தது. உடனே பல்லவி மாறியது.

"இப்ப யோசிச்சுப் பாத்தால் அக்கா, எங்கட வீட்டிலையும் சீனி போடுறனாங்கள்தான்."

"ஓமோம், அம்மம்மா சொதியே வைக்கமாட்டா."

"எங்கட ஒழுங்கையிலை இடியப்பம் மோட்டார் சைக்கிளிலைதான் வாறது. நான் மறந்துபோனன்!" இதைச் சொன்னவர்தான் சற்று முன்னால் பாண்காரனைப் பற்றிச் சத்தம் போட்டவர்.

"பொய் சொல்லாதீங்க!" என்று அக்கா அதட்டினார். அவர் அப்படி அதட்டி நான் கேட்டதே இல்லை. "எனக்காகப் பொய் சொல்லாதீங்க. அப்புறம் இத்தனை பேரு வீட்டுக்கும் போயி நான் கேட்டதுக்கு என்னா அர்த்தம்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கக் கோப்பைகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

அப்போது பின்வரிசையில் இருந்து ஒருவர் எழும்பினார். வட லண்டன் எட்மண்டனில் இருந்து மகளைக் கூட்டிவருகிற எலக்ட்ரீஷியன். ஜெர்மனியில் இருந்து லண்டனுக்கு வந்தவர். அதிகம் கதைக்காத மனுசன்.

"அக்கா, நான் ஜெர்மனிக்குப் போக முதல், ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரன் என்னைக் கொண்டுபோய் மலேசியாவிலை ஒரு வீட்டிலை விட்டவன். வெளியிலை போக ஏலாது. பின்னேரம் ஆனால் உந்தக் கோண் கேக்கும். மோட்டார் சைக்கிளிலை இடியப்பம், பழுப்புச் சக்கரை, தேங்காய்ப்பூ. பக்கத்து வீட்டு அம்மா வாங்கி மதிலுக்கு மேலாலை தாறவ. தந்துபோட்டுக் காலமை 'பசியாறியாச்சா தம்பி' எண்டு கேப்பா." அவர் அக்காவின் பைக்குள் இருந்த புத்தகத்தைக் காட்டினார். "உது எங்கட வீடில்லை. உது உங்கட வீடு."

எல்லாரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம். அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"தெரியும்லா," என்றார். "மொதப் பக்கத்துலயே தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு நேரமும் எங்களைக் கேட்டனீங்கள்!" என்று நான் கத்தினேன்.

"நம்பிக்கை வரலம்மா. எங்க வீட்டைப் போயி அமெரிக்காவுல யாரு புத்தகமா போடுவாங்க? ஆசையில எனக்கு அப்படித் தெரியுதோன்னு நெனச்சேன்."

உலகத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புத்தகம் வேண்டும் என்று சில்லுப் பை தேய அலைந்த மனுசி, தன் வீட்டை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. எனக்கு அவர் மேல் வந்த கோபத்தையும் அன்பையும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"அப்ப எழுதுங்கோ. வீட்டாள் நீங்கள்தானே," என்றேன்.

"நானே எழுதறவ, நானே வீட்டு ஆளுன்னா அது செல்லாது. வேற யாராவது கேக்கணும்."

"தாங்கோ இஞ்சாலை," என்று புத்தகத்தைப் பிடுங்கினேன்.

அவர் அந்த அத்தியாயத்தை வியாழக்கிழமையே கொடுத்துவிட்டார். நன்றாகச் சித்தியடைந்தார். பட்டமளிப்புக்கு எட்மண்டன்காரரும் குடும்பத்தோடு வந்து, எல்லாரையும் விட உரக்கக் கைதட்டினார். பிறகு அக்கா வேலையில் ஓய்வுபெற்று, ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கும் தம்பியிடம் போய்விட்டார். புத்தகத் தட்டு முழுவதும் கப்பலில் போனது. அதெல்லாம் நடந்தது. ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு முன்னால் வருவது அந்தச் சனிக்கிழமை மண்டபம்தான்.

அவரை நடுவில் ஒரு கதிரையில் இருத்தினோம். அவருக்குப் படம் தெரியும்படி நான் புத்தகத்தைத் திருப்பிப் பிடித்து வாசித்தேன். எத்தனையோ பேருக்கு வாசித்துக் காட்டியவர், கேட்கிற பக்கத்தில் இருக்க அவருக்குத் துப்பரவாகத் தெரியவில்லை. பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே விழுந்தார். இடியப்பப் பெட்டி மோட்டார் சைக்கிளின் பின்னால் இன்னும் உயரமாக இருக்கும் என்றார். கோண் சத்தம் அப்படியில்லை என்று தானே கையைக் குவித்து ஊதிக் காட்டினார். எலக்ட்ரீஷியன் அது பிழை என்று வேறு மாதிரி ஊதினார். சர்க்கரை கறுப்பா பழுப்பா என்று இருவருக்கும் வாக்குவாதம். மண்டபத்துக் காவலாளி பூட்ட வந்து, திறப்புக் கோர்வையோடு நின்று அவரும் கேட்டார்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். லைட் வந்துவிட்டது. அதுவரை மெழுகுவர்த்தி நிழலில் இருந்த தாயின் முகம் அந்தப் பக்கத்தில்தான் முழுதாகத் தெரியும்.

"இது உங்கட வீடு மாதிரி இருக்கோ அக்கா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, அந்தத் தாயை வெகுநேரம் பார்த்தார்.

"எங்கம்மா இவ்வளவு ஒல்லி இல்ல," என்றார். "அதை மொதல்ல எழுதிக்க. மத்ததெல்லாம் எங்க வீடுதான்."